அவதாரில் கோளாறா? லிண்டன் செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்

பொங்கலுக்கு முந்தைய வாரம், ராத்திரி பதினொரு மணி இருக்கும். பெரம்பூரில் இருக்கும் என் சித்தி பெண் போன் செய்தாள். செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் அவளுக்கு ஓர் அவதார், அதாவது திரையில் அவளுக்குப் பதிலாக நடமாடும் உருவம், உண்டு. அங்கே புழங்கும் காசுதான் லிண்டன். "அக்கா, 350 லிண்டன் கொடுத்துப் புடவை வாங்கினேன். இடுப்புகிட்ட உடம்பு துணியைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வருது. சீப்பா வாங்கினதாலதான் இப்படியா?" நான் வாய் திறப்பதற்குள், விலை கூடுதலாக இன்னொரு புடவையும் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அதிலும் அதே இடத்தில் அதே கோளாறு. இரண்டு புடவையிலும் எந்தக் குறையும் இல்லை. இரண்டுமே வேறொரு உடம்புக்குத் தைத்தவை.

செகண்ட் லைஃபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உடுத்திவிடுவது எனக்குப் பிடித்த வேலை. அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். அவதார் அசிங்கமாகத் தெரிந்தால் காசு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் காசு இல்லை. ஒன்றோடொன்று சேராத பொருள்களைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரியும் கோளாறு எது என்று கீழே தேடி, அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். நான் பயன்படுத்துவது ஃபயர்ஸ்டார்ம் வியூவர், அதாவது அந்த உலகத்துக்குள் போக உதவும் மென்பொருள். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேபின் சொந்த வியூவரில் மெனு பெயர்கள் ஒன்றிரண்டு மாறலாம், வேலை ஒன்றுதான்.

விலைக் கணக்கு ஒரு வரி: ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர். 1,000 லிண்டன் என்றால் நான்கு டாலர், நம் காசில் முந்நூற்றைம்பது ரூபாய் சுற்று. சித்தி பெண் அந்த இரண்டு புடவைக்குக் கொடுத்ததில் ஒரு வேளை பிரியாணி வந்திருக்கும். சின்னத் தொகைதான், ஆனால் மாதாமாதம் இப்படிப் போனால் உறைக்கும்.

எதையும் கழற்றும் முன்: வெளிச்சம்

தி.நகரில் பட்டு எடுக்கும்போது புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்போம் இல்லையா, அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். செகண்ட் லைஃபில் ஒவ்வொரு இடத்தின் சொந்தக்காரரும் தன் விருப்பத்துக்கு வானமும் வெயிலும் வைத்திருப்பார். அந்தி வெளிச்சம் வைத்த கடற்கரையில் மாநிறத் தோல் செம்புப் பாத்திரம் மாதிரி மின்னும். நீல இரவு வைத்த கிளப்பில் அதே தோல் சாம்பல் பூத்துக் கிடக்கும். ‘ஸ்கின் சரியில்லை’ என்று முடிவு கட்டும் முன் மேலே ‘வேர்ல்ட்’ மெனுவில் ‘என்விரான்மென்ட்’ போய் ‘மிட்டே’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நடுப்பகல் வெளிச்சம் உங்கள் திரையில் மட்டும் வரும், அடுத்தவருக்கு மாறாது. பார்த்து முடித்ததும் அதே இடத்தில் ‘ஷேர்ட் என்விரான்மென்ட்’ என்பதை அழுத்தி இடத்தின் வெளிச்சத்துக்குத் திரும்பிவிடலாம். கடையில் டெமோ, அதாவது வாங்கும் முன் போட்டுப் பார்க்கத் தரும் மாதிரி, போட்டுப் பார்க்கும்போதும் இதைச் செய்யுங்கள். கடைக்காரர்கள் தங்கள் சரக்கு எடுப்பாகத் தெரியும்படிதான் விளக்கு வைத்திருப்பார்கள்.

உடம்பே காணோம், வெறும் புகைதான் தெரிகிறது

நெட் மெதுவாக இருந்தால் முதல் ஒரு நிமிடம் எல்லோரும் புகையாகத்தான் தெரிவார்கள். அதற்குப் பொறுத்திருந்தால் போதும். ஐந்து நிமிடம் ஆகியும் புகையாகவே இருந்தால்தான் கோளாறு. முதலில் கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தோலையும் உடை அடுக்குகளையும் மறுபடி ஒன்றாக்கி அனுப்பச் சொல்லும் கட்டளை அது.

அதற்கும் அசையவில்லை என்றால் இன்வென்டரியில் (உங்கள் பொருள்கள் எல்லாம் இருக்கும் பட்டியல்) ‘வோர்ன்’ என்ற, போட்டிருப்பதைக் காட்டும் தாவலைத் திறந்து நான்கு பொருள் இருக்கிறதா என்று எண்ணுங்கள்: ஷேப் (உடல்வாகு), ஸ்கின் (தோல்), கண், ஹேர் பேஸ் (அடிப்படை முடி). இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அவதார் உருவாகாது. பெரும்பாலும் விடுபட்டிருப்பது ஹேர் பேஸ்தான். ‘முடி தனியாக வாங்கிவிட்டேனே, இந்தப் பழைய முடி எதற்கு’ என்று கழற்ற நினைத்து, அதிலேயே ஏதோ தவறு நேர்ந்திருக்கும். மொட்டைத் தலைக்கான ஹேர் பேஸ் இலவசமாகவே நிறைய கிடைக்கும், ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எது போயிற்று என்றே தெரியவில்லையா? இன்வென்டரியின் அடியில் ‘லைப்ரரி’ என்றொரு பகுதி உண்டு. அதில் ‘க்ளோத்திங்’, அதற்குள் ‘இனிஷியல் அவுட்ஃபிட்ஸ்’. ஏதாவது ஒரு ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து இப்போதைய உடைக்குப் பதிலாக அதைப் போடச் சொல்லுங்கள். ஆள் வந்துவிடும். அப்புறம் உங்கள் பொருள்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் புகை திரும்புகிறதோ அதுதான் கோளாறு.

துணிக்குள்ளிருந்து உடம்பு எட்டிப் பார்க்கிறது

சித்தி பெண்ணுக்கு நடந்தது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

டெய்லரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் கொடுப்போம். அக்காவின் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைத்தது தங்கைக்குப் பிடிக்காது, துணி காஞ்சிபுரம் பட்டாகவே இருந்தாலும். செகண்ட் லைஃபில் மெஷ் உடம்புதான், அதாவது அவதாரின் அடிப்படை உடம்புக்குமேல் மாட்டும் முப்பரிமாண உடம்புதான், அளவு ஜாக்கெட். 2011-ல் மெஷ் வந்த பிறகு, தோல்மேல் வண்ணம் பூசியது போல இருந்த பழைய உடைகள் போய், தனி உருவமாகச் செய்த உடைகள் வந்தன. தையல் செய்கிறவர் ஒவ்வொரு உடம்புக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்கிறார். பெண்களில் மைத்ரேயா லாரா, லெகசி, ரீபார்ன். ஆண்களில் ஜேக், ஜியானி. இப்படிப் பெயர் போட்டுத்தான் பெட்டிக்குள் உடைகள் இருக்கும். லாராவும் லாரா எக்ஸும் ஒன்றில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கியவர்கள் பலர்.

ஆகவே முதல் வேலை, நீங்கள் போட்டிருக்கும் உடம்பின் சரியான பெயரை ‘வோர்ன்’ தாவலில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வது. அந்தப் பெயர் உடையின் விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். ஸ்லைடரை இழுத்து இடுப்பைக் குறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. எலும்போடு பிணைத்துச் செய்த உடை, உங்கள் ஷேப் மாறும்போது தானும் சேர்ந்து மாறும்.

பெயர் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தோள்பட்டையிலோ முட்டியிலோ தோல் திட்டுத்திட்டாகத் தெரிகிறது என்றால் அது ஆல்ஃபா விஷயம். துணிக்கு அடியில் இருக்கும் உடம்பை மறைத்துவிட வேண்டும். இரண்டு வழி உண்டு. உடையோடு ‘ஆல்ஃபா’ என்று பெயரிட்ட ஓர் அடுக்கு வந்திருந்தால் அதைக் கூடவே போடுங்கள். வரவில்லையென்றால் உடம்பின் ஹட், அதாவது உடம்போடு வரும் பொத்தான் பலகையைத் திறந்து, திட்டு தெரியும் இடத்தில் மட்டும் தொட்டு மறையுங்கள். புடவை என்றால் இடுப்பு ஒரு பக்கம் தெரிய வேண்டும் இல்லையா? அதனால் ஹட்டில் ஒவ்வொரு சதுரமாக அழுத்தி அவதாரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே போங்கள். சித்தி பெண்ணுக்கு, அவள் உடம்புக்குத் தைத்த புடவையில், நான் உட்கார்ந்து செய்தபோது முந்தானைக்கு அடியில் இடது தோளில் இரண்டு துண்டு, கொசுவத்துக்குப் பின்னால் தொடையில் நான்கு துண்டு மறைத்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சரியாக வந்ததும் அந்த முழு அலங்காரத்தையும் ‘அவுட்ஃபிட்’ ஆகச் சேமித்துவிடுங்கள்.

இன்னும் உடம்பே வாங்கவில்லை என்பவர்களுக்கு: லிண்டன் லேப் 2023-ல் சென்ரா என்ற அவதார்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. ரூத்2, ராத்2 என்ற திறந்த மூல உடம்புகளும் இலவசம். பழகுவதற்கு இவை நன்றாகவே இருக்கும். ஆனால் புடவை, தாவணி, வேட்டி என்று தேடும்போது இவற்றுக்குத் தைத்தது குறைவு. என் கருத்து இது: முதலில் மார்க்கெட்பிளேஸில், அதாவது செகண்ட் லைஃபின் இணையக் கடையில், நீங்கள் போட ஆசைப்படும் பத்து உடைகளைப் பாருங்கள். அவற்றில் எந்த உடம்பின் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். அந்த உடம்புக்குக் காசு சேருங்கள். பேர் போன உடம்பு ஒன்று இரண்டாயிரம் லிண்டனுக்கு மேல் போகும். கைக்காசில் பெரும்பகுதியை அதில் போடுவது சரியான செலவு. முடி, உடை, செருப்பு எல்லாம் பிறகு இலவசத்திலும் தள்ளுபடியிலும் கிடைத்துவிடும். உடம்பு அப்படி அடிக்கடி கிடைக்காது.

தேடும்போது புடவைக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலும் போட்டுப் பாருங்கள், கடைசியில் ஒற்றை ஐ போட்டு ஒரு தடவை, இரட்டை ஈ போட்டு ஒரு தடவை. இரண்டுக்கும் வேறு வேறு சரக்கு வரும். கூடவே உடம்பின் பெயரையும் சேர்த்துத் தேடினால் பொருந்தாதவை பாதி வடிகட்டிப் போய்விடும்.

உடம்பில் ஓட்டை

மேலே சொன்னதன் மறுபக்கம். நேற்று போட்ட உடைக்காக மறைத்த துண்டுகள் இன்று திறக்கவில்லை. உடம்பின் ஹட்டில் எல்லாவற்றையும் காட்டும் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். பிறகும் ஓட்டை இருந்தால் ‘வோர்ன்’ தாவலில் பழைய ஆல்ஃபா அடுக்கு ஏதாவது தங்கியிருக்கும். கழற்றினால் சரி.

ஒன்றைப் போட்டால் இன்னொன்று கழன்றுவிடுகிறது

ஜிமிக்கி மாட்டினால் முடி போய்விடுகிறது, வளையல் போட்டால் வாட்ச் காணோம். இன்வென்டரியில் ரைட் கிளிக் செய்தால் ‘வேர்’, ‘ஆட்’ என்று இரண்டு வரும். ‘வேர்’ அழுத்தினால் அதே இடத்தில் ஏற்கெனவே மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு இதைப் போடும். ‘ஆட்’ அழுத்தினால் இருப்பதோடு இதையும் சேர்க்கும். நகை, முடி, பூ, கண்ணாடி எல்லாவற்றுக்கும் ‘ஆட்’ அழுத்தியே பழகுங்கள். மொத்தம் 38 பொருள்கள் வரை மாட்டலாம். கல்யாணப் பெண் அலங்காரத்தில் நெற்றிச்சுட்டி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம், கொலுசு என்று போனால் அந்த எல்லையைத் தொடலாம். மற்றபடி தொடாது.

முகம் ஒரு நிறம், கழுத்துக்குக் கீழே வேறு நிறம்

இது மனதைச் சங்கடப்படுத்துகிற கோளாறு. நம் நிறத்தில் ஸ்கின் தேடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாக வருகிறது. வெளிர் நிறத்தில் சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மாநிறத்திலும் கறுப்பிலும் கழுத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும். ‘அப்போ வெளிர் நிறமே வைத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. நல்ல கறுப்பு ஸ்கின்கள் நிறைய உண்டு, கோட்டையும் போக்க முடியும். அதனால் அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தேன். இந்த வரிசையில்தான்.

2019-ல் வந்த பேக்ஸ் ஆன் மெஷ் வசதிக்குப் பிறகு, உடம்பும் தலையும் அவதாரின் உள் ஸ்கின்னையே எடுத்துக்காட்டுகின்றன. முதலில் தலை, உடம்பு இரண்டின் ஹட்டிலும் அந்த வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். ஒன்றில் இயங்கி மற்றதில் இயங்காமல் இருந்தால் நிறம் நிச்சயம் பிரியும்.

அடுத்து, உடம்பு ஸ்கின் போட்டதும் முகம் மாறிவிடுகிறதா? ஸ்கின் என்ற வகையில் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் போட முடியும். இரண்டாவதைப் போட்டால் முதலாவது கழன்றுவிடும். அதனால்தான் கடைக்காரர்கள் அதே ஸ்கின்னை ‘டாட்டூ’ அடுக்காகவும் பெட்டியில் வைத்திருப்பார்கள். ஒன்றை ஸ்கின்னாகவும் மற்றதை டாட்டூவாகவும் போடுங்கள், டாட்டூவை ‘ஆட்’ செய்து.

அப்புறம் நிறத்தின் பெயர். முக ஸ்கின் செய்கிறவர் வேறு, உடம்பு ஸ்கின் செய்கிறவர் வேறாக இருப்பது வழக்கம். முகத்தின் விளக்கத்தில் ‘இன்ன கடையின் இன்ன நிறத்தோடு சேரும்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரையே வாங்குங்கள், கண் மதிப்பில் எடுக்காதீர்கள். இரண்டுக்கும் டெமோ உண்டு. நடுப்பகல் வெளிச்சத்தில் இரண்டு டெமோவையும் சேர்த்துப் போட்டுக் கழுத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நிறமும் சரி, ஆனாலும் கோடு தெரிகிறதா? பளபளப்பைப் பாருங்கள். தலையின் ஹட்டில் பளபளப்பு கூடுதலாகவும் உடம்பில் குறைவாகவும் இருந்தால் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும். அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் இதுதான் காரணமாக இருந்தது. முகத்தில் பளபளப்பை அணைத்தோம், கோடு மறைந்தது. சில தலைகளின் ஹட்டில் எந்த உடம்பைப் போட்டிருக்கிறீர்கள் என்று தேர்ந்தெடுத்துக் கழுத்தைப் பொருத்தும் வசதியும் இருக்கும். எல்லாம் செய்தும் மயிரிழையாக ஒரு கோடு மிச்சம் இருந்தால், ஓர் அட்டிகை போட்டுக்கொள்ளுங்கள். அது அழகாகவும் இருக்கும்.

ஒரே ஒரு கலர்தான் வாங்க முடிந்தது

எல்லா நிறமும் சேர்ந்த ‘ஃபேட்பேக்’ விலையில் பாதிகூட நம்மால் முடியாது என்று வைத்துக்கொள்வோம். கவலை வேண்டாம். வாங்கும் முன் பொருளின் அனுமதிகளைப் பாருங்கள்: காப்பி (நகல் எடுக்க), மாடிஃபை (மாற்ற), டிரான்ஸ்ஃபர் (பிறருக்குக் கொடுக்க). மார்க்கெட்பிளேஸில் இந்த அனுமதியை வைத்தே வடிகட்டித் தேடலாம். ‘மாடிஃபை’ இருந்தால் வெள்ளை அல்லது சந்தன நிறத்தை வாங்குங்கள்.

எப்படி என்று ஒரு வெள்ளைப் புடவையை வைத்துக் காட்டுகிறேன். ‘காப்பி’ அனுமதி இருந்தால் முதலில் இன்வென்டரியில் ஒரு நகல் எடுத்து வேறு பெயர் வையுங்கள். அந்த நகலை உடுத்துங்கள். புடவைமேல் ரைட் கிளிக் செய்து ‘எடிட்’, பிறகு ‘டெக்ஸ்சர்’ தாவல். இப்படியே நிறம் மாற்றினால் முழுப் புடவையும் மாறும். நமக்கு அது வேண்டாம். எடிட் பெட்டியின் மேலே ‘செலக்ட் ஃபேஸ்’ என்று ஒரு வட்டம் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புடவையின் உடல் பகுதியை மட்டும் தொடுங்கள். இப்போது நிறக் கட்டத்தைத் திறந்து மாம்பழ மஞ்சள் கொடுங்கள். அடுத்து பார்டரைத் தொட்டு அரக்கு. செய்தவர் உடலையும் பார்டரையும் தனித்தனி ‘ஃபேஸ்’ ஆக, அதாவது தனிப் பரப்பாக, பிரித்து வைத்திருந்தால் மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் போட்ட புடவை வந்து நிற்கும், ஒரு லிண்டன்கூடச் செலவில்லாமல். அடுத்த நகலில் மயில் கழுத்து நிறமும் பச்சை பார்டரும் கொடுத்துப் பாருங்கள்.

வெள்ளையை ஏன் வாங்கச் சொன்னேன் என்றால், இந்த நிறம் துணிமேல் பூசப்படுவதில்லை, துணியின் நிறத்தோடு பெருக்கப்படுகிறது. வெள்ளைமேல் கொடுத்தது கொடுத்தபடி வரும். சிவப்புமேல் நீலம் கொடுத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஏதோ வரும். கறுப்புமேல் எதைக் கொடுத்தாலும் கறுப்புதான். பிடிக்கவில்லை என்றால் நிறக் கட்டத்தில் வெள்ளையைத் திரும்பக் கொடுங்கள், பழையபடி ஆகிவிடும்.

பின்னலும் பூவும் சில இடங்களில் மறைகிறது

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றால் முடியின் நுனி காணோம், தண்ணீர்ப் பக்கம் போனால் மல்லிகைச் சரம் பாதி இல்லை. ஒளி ஊடுருவும் இரண்டு பொருள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போது எது முன்னால் என்று வியூவருக்குக் குழப்பம் வருகிறது. முடியில் ‘மாடிஃபை’ இருந்தால் எடிட், டெக்ஸ்சர், ‘ஆல்ஃபா மோட்’ என்ற இடத்தில் ‘பிளெண்டிங்’ என்பதை ‘மாஸ்கிங்’ ஆக்குங்கள். நுனி கொஞ்சம் கரடாகத் தெரியலாம், கீழே உள்ள எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். பூவுக்கு முதலில் செய்து பாருங்கள். பூவில் கரடு தெரியாது.

எனக்கு அழகாகத் தெரிகிறது, பார்ப்பவர்கள் வேறு ஏதோ சொல்கிறார்கள்

இரண்டு விதமாகச் சொல்வார்கள். "உன் புடவை வெள்ளை வெளேர்னு இருக்கே" என்றால் அது பிபிஆர் விஷயம். 2023 கடைசியிலிருந்து வந்த புது வியூவர்களில் உலோகமும் ஜரிகையும் உண்மையாக மின்னும் பிபிஆர் மெட்டீரியல் வந்தது. பழைய வியூவரில் இருப்பவருக்கு அது தெரியாது. செய்தவர் பழைய முறை டெக்ஸ்சரையும் அடியில் வைத்திருந்தால் அது தெரியும், வைக்காவிட்டால் வெறும் வெள்ளை. பழைய லேப்டாப்பில் இருக்கும் நண்பர்களோடு அதிகம் பழகுகிறவர்கள் விளக்கத்தில் பிபிஆர் மட்டும் என்று இருக்கிறதா, இரண்டும் உண்டா என்று பார்த்து வாங்குவது நல்லது.

"நீ ஒரே கலர்ல பொம்மை மாதிரி நிக்கிறே" என்றால் உங்கள் அவதாரின் பளு அதிகம். ஒவ்வொருவரும் தங்கள் வியூவரில் இவ்வளவு சிக்கலான அவதாரைத்தான் முழுதாகக் காட்டு என்று எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் வெறும் உருவமாகக் காட்டும். உடை மாற்றும்போது உங்கள் பளு எவ்வளவு என்று ஓர் எண் திரையில் வந்துபோகும். ஒவ்வொன்றாகக் கழற்றி அந்த எண்ணைக் கவனியுங்கள். குற்றவாளி பெரும்பாலும் முடி அல்லது நகையாக இருக்கும். எனக்கு ஒருமுறை விரலளவு மோதிரம் ஒன்று மொத்தப் புடவையைவிட அதிகப் பளு காட்டியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மே மாத வெயிலில் ஃபேன் சத்தத்தோடு ஓட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்காகவாவது இதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

செருப்பு காலோடு சேரவில்லை, அல்லது கால் தரைக்குள் புதைகிறது

உடம்பின் ஹட்டில் பாதத்துக்குத் தட்டை, நடு, உயரம் என்று நிலைகள் இருக்கும். செருப்புப் பெட்டியில் எந்த நிலைக்கு என்று எழுதியிருப்பார்கள், அதை அழுத்துங்கள். தரையில் புதைந்தால் அவதார்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஹோவர் ஹைட்’ கொஞ்சம் கூட்டினால் போதும். நடை மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்பவர்கள் இலவச ஏஓ (நடையையும் நிற்கும் விதத்தையும் மாற்றும் பொருள்) ஒன்றைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஏஓ இரண்டு சேர்ந்து இயங்கினால் அவதார் உதறும், ஒன்றை நிறுத்துங்கள்.

வாங்கியது வந்து சேரவில்லை

மார்க்கெட்பிளேஸில் வாங்கியது ‘ரிசீவ்ட் ஐட்டம்ஸ்’ என்ற தனி இடத்தில் வரும். பலர் முழு இன்வென்டரியையும் தேடிவிட்டு அதை மட்டும் பார்க்காமல் விடுகிறார்கள். கடையிலேயே வாங்கியது என்றால் அங்கே ‘ரீடெலிவரி’ என்று ஒரு பலகை இருக்கிறதா என்று பாருங்கள். வந்தது பெட்டியாக இருந்தால் அதை உடுத்தினாலே திறந்துகொள்ளும் வகையா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பொருள் வைக்க அனுமதி உள்ள இடத்துக்கு, அதாவது ஒரு சேண்ட்பாக்ஸுக்குப் போய்த் தரையில் வைத்துத் திறக்க வேண்டும். பெட்டியையே தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் உடனே போய் உதவுங்கள், அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இலவசப் பரிசு வர மறுத்தால், அது குழு உறுப்பினர்களுக்கானது. குழுவில் சேர்ந்தால் மட்டும் போதாது, அந்தக் குழுவின் பெயர் உங்கள் தலைக்குமேல் தெரியும்படி அதை ‘ஆக்டிவேட்’ செய்ய வேண்டும். சில குழுக்களில் சேரக் கட்டணம் உண்டு, பார்த்துச் சேருங்கள்.

தள்ளுபடி முடிந்துவிட்டது என்கிறது

செகண்ட் லைஃபின் கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் நேரம். கோடையில் அங்கே கடிகாரத்தை மாற்றும்போது சென்னை பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. ஐம்பது லிண்டன் வெள்ளி போன்ற வார விற்பனை நமக்கு வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் அந்த நாளாகவே ஆரம்பிக்கிறது. காலையில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்பாதீர்கள். ஞாயிறு வரை என்று போட்டிருந்தால் நமக்குத் திங்கள் மதியம் வரை நேரம் இருக்கிறது.

கார்டு ஏற்கவில்லை, அல்லது ஒரு பொருள் பணம் எடுக்க அனுமதி கேட்கிறது

கார்டைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். உங்கள் வங்கியின் செயலியில் ‘இன்டர்நேஷனல்’, ‘ஆன்லைன்’ இரண்டையும் நீங்களே திறந்து, ஒரு சின்ன வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி முடித்ததும் மூடிவிடலாம். லிண்டன் வாங்கும்போது அவர்களின் கட்டணம் தனி, வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. நூறு நூறாக வாங்காமல் மாதத்துக்கு ஒரு முறை வாங்கினால் கட்டணத்தில் போவது குறையும்.

இரண்டாவது விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். உடையோ பரிசுப் பெட்டியோ, உங்கள் கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்க அனுமதி வேண்டும் என்று ஒரு சாளரம் திறந்தால் ‘டினை’ அழுத்துங்கள். புடவைக்கும் நகைக்கும் அந்த அனுமதி எந்தக் காரணத்துக்கும் தேவையில்லை. கடை வைத்து விற்கிறவர்களின் விற்பனைப் பெட்டி போன்றவற்றுக்குத்தான் தேவை. தெரியாமல் ஒப்புக்கொண்டுவிட்டீர்களா? அந்தப் பொருளை உடனே கழற்றி இன்வென்டரியிலிருந்து நீக்குங்கள், தரையில் வைத்திருந்தால் அங்கிருந்தும் எடுத்துவிடுங்கள். பிறகு செகண்ட் லைஃப் தளத்தில் உங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்து பரிவர்த்தனை வரலாற்றில் கடைசியாகப் போன தொகை என்ன, யாருக்குப் போயிற்று என்று பார்த்து, அந்த வரியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு லிண்டன் லேபின் உதவிப் பிரிவுக்கு அன்றைக்கே எழுதுங்கள்.